காதர் பரீட்சை எழுதிய கதை

1

மெல்போர்னில் ஒரு தொழிற்கல்லூரி இருக்கிறது. அதன் பதிவுகளின்படி, காதர் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டார்.

காதர் என் அத்தா, என்னைப் பெற்ற அப்பா. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு மந்தாரக்குப்பத்தில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெல்லிக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மட்டும் அயர்ன் செய்த சட்டை போட்டுப் புறப்படுவார். மற்றபடி எங்கே கூப்பிட்டாலும் “எதுக்கு?” என்பார். அப்படிப்பட்ட மனிதர் கடல் தாண்டி வந்து எப்படி ஃபெயிலானார் என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

பள்ளியில் நான் கா. ஷமீமா. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது, தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். முன்னால் இருந்த எழுத்தை முன்னாலேயே விரித்தேன். வேறு எங்கே விரிப்பதாம்? காதர் ஷமீமா ஆனேன். நம் ஊரில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் காதர் என் பெயராகவும் ஷமீமா என் குடும்பப் பெயராகவும் ஆகிவிட்டன. வங்கியில் நான் காதர். பல் டாக்டரிடம் காதர். சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அடுக்கும் வேலை பார்த்தபோது சட்டையில் குத்திய அட்டையிலும் காதர்.

மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை முயன்றேன். ‘இந்தப் பெயர் வேண்டாம் என்பதற்குக் காரணம்’ என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. அத்தாவின் பெயர் வேண்டாம் என்று நான் என்ன காரணம் எழுதுவது? அப்படியே மடித்து வைத்துவிட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் செய்கிற நல்லது கெட்டது எல்லாம் அவர் கணக்கில்தான் ஏறுகிறது.

ஃபெயிலான செய்தியை வீடியோ காலில் சொன்னபோது அத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்ப ஃபெயிலானது நீயா நானா?”

“பேப்பர்ல நீங்கதான் அத்தா.”

“அதான பாத்தேன். நீ எதுலயும் ஃபெயிலாவ மாட்டியே.”

2

நாற்பத்தைந்து வயதில் எதற்கு இந்த வம்பு என்று என் கணவர் சலீம் கேட்கவில்லை. அவர் டவுன் பஸ் ஓட்டுகிறார், விடியற்காலை ஷிஃப்ட். கேட்க நினைத்திருந்தாலும் அந்த நேரத்தில் தூங்கியிருப்பார்.

எல்லாம் ஒரு வேனில் தொடங்கியது. எங்கள் சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒருநாள் இலவசக் காது பரிசோதனை வேன் வந்து நின்றது. டீ இடைவேளையில் சும்மா ஏறினேன். ஜூடித் என்ற நரைமுடிக்காரப் பெண்மணி ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கதவைச் சாத்தினார். அப்படி ஓர் அமைதி! சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலுக்குள் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது ஜூடித் தன் மெஷினை இரண்டு தட்டு தட்டினார். இத்தனை மெல்லிய சத்தத்தையெல்லாம் யாரும் பிடிப்பதில்லையாம்.

“இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?” என்று கேட்டேன்.

“படித்துவிட்டு வாருங்கள், எங்கள் கிளினிக்கில் ஆள் தேவைப்படுகிறது” என்றார்.

கல்லூரி அலுவலகத்தில் முன்னால் படித்த படிப்புக்குச் சான்று கேட்டார்கள். கடலூரில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன், மூன்றாம் வருடம் தொடங்குவதற்குள் நிக்காஹ் ஆகிவிட்டது. முடிக்காத படிப்புக்கு ‘முடிக்கவில்லை’ என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அதை வாங்க ரஹ்மத், அதாவது என் தங்கை, கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் ஏறி ஏறி இறங்கினாள். வந்த சான்றிதழில் பெயர் கா. ஷமீமா. பாஸ்போர்ட்டில் காதர் ஷமீமா. இருவரும் ஒருவர்தான் என்று ஒரு வக்கீல் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

நேர்காணலில் ஒரு பெண் அதிகாரி, பட்டப்படிப்பை ஏன் பாதியில் விட்டீர்கள் என்று கேட்டார். நம் ஊர் ஆங்கிலத்தில், “நான் பாஸ் அவுட் ஆவதற்குள் கல்யாணம் செய்துவிட்டார்கள்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே அதற்கு மயங்கி விழுவது என்று அர்த்தம். மயங்கி விழக்கூட நேரம் கொடுக்காமல் கட்டிவைத்திருக்கிறார்கள், என்ன கொடுமை என்று அவர் உருகிவிட்டார். இடம் கிடைத்தது.

படிப்பில் ஒரு குறையும் இல்லை. எழுத்துத் தேர்வெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விழுந்தது செய்முறையில்.

நிஜமான ஒருவரை உட்காரவைத்துப் பரிசோதிக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஒரு தாத்தா. என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினேன். சிரித்தபடி தலையாட்டினார். கதவைச் சாத்தினேன். சின்னச் சத்தம், பெரிய சத்தம், காதைப் பிளக்கும் சத்தம் என்று எல்லாவற்றையும் அனுப்பினேன். பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். பாவம், இரண்டு காதும் முழுச்செவிடு என்று பரிசோதனை வரைபடத்தில் கோடு போட்டேன். வெளியே வந்தவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, எந்த மீன் வாங்க வேண்டும் என்று மனைவியிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

நான் சொன்ன எதுவுமே அவர் காதில் விழவில்லை. மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார். “நீங்கள் மேசைக்கு விளக்கிக்கொண்டிருந்தீர்கள்” என்றார் தேர்வாளர். விஷயம் கேள்விப்பட்ட ஜூடித், பாவம், என்னைத் தன் கிளினிக்குக்குத் தனியே கூப்பிட்டு, “காதர், உங்கள் குரல் எங்கே?” என்று கேட்டார்.

இன்னும் ஒரு வாய்ப்புத்தான். அதிலும் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை கிளினிக்கில் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள். எனக்கு ரொட்டிதான் கதி.

3

என் குரல் எங்கே என்று ஜூடித்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டு கேட்டில் ஒரு சிவப்புத் துண்டுக்குக் கீழே கிடக்கிறது.

சுரங்கத்தில் மூன்று ஷிஃப்ட். ஏ காலை, பி மதியம், சி ராத்திரி. அத்தா மண் வெட்டும் ராட்சத மெஷினில் ஆபரேட்டர். சி ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுப் படுப்பார். அவர் படுத்ததும் என் அம்மா சுபைதா ஒரு சிவப்புத் துண்டைக் கொண்டுபோய் கேட்டில் தொங்கவிடுவார். எங்கள் தெருவில் அதுதான் சட்டம். துண்டு தொங்கினால் உள்ளே சி ஷிஃப்ட் ஆள் தூங்குகிறார். தபால்காரர் பெல் அடிக்கமாட்டார். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். மந்தாரக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வரும் கீரைக்காரம்மா தெருமுனையிலிருந்து “கீரே” என்று இழுத்துக்கொண்டே வந்து, துண்டைப் பார்த்ததும் பாதியில் வாயை மூடிக்கொள்வார். விலையை விரலால் காட்டுவார். அம்மா விரலாலேயே பேரம் பேசுவார்.

வீட்டுக்குள் குக்கர் கிடையாது. விசில் வருமே! பருப்பைச் சட்டியில் வேகவைத்தார் அம்மா. “உங்கத்தாவுக்கு எறும்பு நடந்தாகூட முழிப்பு வந்துடும்” என்பார். நானும் ரஹ்மத்தும் வாயை மட்டும் அசைத்துப் பேசக் கற்றுக்கொண்டோம். வாயை அசைத்தே மனப்பாடம் செய்தோம். சண்டை வந்தால் சத்தமில்லாமல் கிள்ளிக்கொண்டோம், சத்தமில்லாமல் அழுதோம். பள்ளியில் டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்கு உதடுதான் அசையும். “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று வகுப்பே சிரிக்கும்.

அத்தா விழித்து உட்கார்ந்து சாப்பிடும்போதும் நாங்கள் அவர் எதிரிலேயே உதட்டால் ரகசியம் பேசுவோம். அதில் ஒரு திருட்டுச் சந்தோஷம். ஆனால் எப்படியோ எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை டியூஷன் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போக உதட்டாலேயே திட்டம் போட்டோம். கிளம்பும்போது அத்தா, “டியூசனுக்குக் கொடை எடுத்துகினு போங்கம்மா, தியேட்டர்ல ஒழுவுதாம்” என்றார். அம்மாதான் உளவாளி என்று ரஹ்மத் முடிவு கட்டினாள். அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. பேசாததும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

4

என் மகள் நூரா பன்னிரண்டாம் வகுப்பு. பசித்தால் மட்டும் தமிழ் பேசுவாள். மற்ற நேரத்தில் அவள் அறைக் கதவு மூடியே இருக்கும். போன வருடத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே மேசையில் படிக்கிறோம். டெசிபல் கணக்கில் லாகரிதம் வந்தபோது அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் ஒருகாலத்தில் அவளிடம் விட்ட அதே பெருமூச்சை என்னிடம் விட்டாள்.

நான் ஃபெயிலானதும் குரல் பயிற்சிக்கு அவளே பொறுப்பு எடுத்துக்கொண்டாள். பக்கத்து விளையாட்டு மைதானத்தில் ஒரு கோடியில் என்னை நிறுத்தினாள். தான் எதிர்க்கோடிக்குப் போய் நின்றாள். அங்கிருந்து கேட்கும்படி, “எவ்வளவு மெல்லிய சத்தமாக இருந்தாலும் பொத்தானை அழுத்துங்கள்” என்று நான் ஆங்கிலத்தில் கத்த வேண்டும்.

வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

அவள் காதில் கைவைத்துக் காட்டினாள். மறுபடி முயன்றேன். நாயோடு நடக்க வந்த ஒரு பெண் நின்று, எனக்கு உதவி வேண்டுமா, அந்தப் பெண் என்னைத் தொந்தரவு செய்கிறாளா என்று கேட்டுவிட்டுப் போனாள். நாய்கூட என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நூரா மைதானத்தை முழுக்கக் கடந்து நடந்து வந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். என் தோளில் இரண்டு கையையும் வைத்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் தமிழில் சொன்னாள்.

“அம்மா, இந்த ஊர்ல யாரும் தூங்கலம்மா.”

எனக்குத் தெரியும். என் தொண்டைக்குத்தான் தெரியவில்லை.

5

அடுத்து அத்தாவைப் பிடித்தேன். வீடியோ காலில் அவரை நோயாளியாக வைத்துப் பழகலாம் என்று யோசனை.

“அத்தா, நான் ஒரு பேஷண்ட்கிட்ட பேசுற மாதிரி பேசுவேன். கேக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

“பேசு பேசு. எனக்கின்னா, காது பளிச்சினு இருக்குது.”

குனிந்து பேப்பரைப் பார்த்தபடி முதல் கேள்வியைக் கேட்டேன். பதில் இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா அவர் கையை மெல்லத் தட்டினார். நிமிர்ந்து மறுபடி கேட்டேன். உடனே பதில் வந்தது. அம்மா கையைத் தட்டுவதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். அன்றுதான் படித்த படிப்பு மண்டைக்குள் லேசாக மணி அடித்தது.

முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு கேட்டேன். “அங்க மழை பெய்யுதா அத்தா?”

அத்தா சிரித்தபடி தலையாட்டினார். மெல்போர்ன் தாத்தாவின் அதே சிரிப்பு.

முக்காட்டை எடுத்துவிட்டு, இன்னும் மெல்லிய குரலில் அதையே கேட்டேன்.

“இன்னா மழை? வெயிலு மண்டையப் பொளக்குது.”

குரலை அடியோடு நிறுத்திவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தேன். ரஹ்மத் போன் பண்ணினாளா?

“நேத்து சாயந்தரம் பண்ணா” என்றார் அத்தா.

அம்மா திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். “யாருகிட்ட பேசிகினு இருக்கீங்க?”

“அத்தா,” என்றேன், “காது எப்ப போச்சு?”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, “சொல்லிடுங்க. அவ இப்ப அதுக்குத்தான படிக்கிறா” என்றார்.

“நீ எட்டாவது படிக்கறப்பவே போயிடுச்சிம்மா. மெஷினு சத்தம் தாக்காம காதுல வெக்கறதுக்கு அடைப்பான் குடுத்தாங்க. நான்தான் குத்துதுன்னு பாக்கெட்ல வெச்சிகினு திரிஞ்சேன். மெஷினு கிட்ட எல்லாருமே வாயப் பாத்துதான் பேசுவோம். அப்டியே பழகிடுச்சி. வூட்டுக்கு வந்தா நீங்களும் அதையே பேசினீங்க. எனக்கு வசதியா பூடுச்சி.”

குக்கர் விசில் கேட்காத வீடு. விரலால் விலை சொன்ன கீரைக்காரம்மா. ஒரு தெரு முழுக்க வருடக்கணக்கில் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தது, இடி விழுந்தாலும் கேட்காத ஒரு மனிதருக்காகவா?

“அப்ப துண்டு எதுக்குத் தொங்கவிட்டீங்க?”

நான் கத்தியிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று நூரா பிற்பாடு சொன்னாள். தன் அறையிலிருந்து ஓடிவந்து, “அம்மா! அந்த வாய்ஸ்! அதான், அதான்!” என்று குதித்தாள். ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த சலீம் எழுந்து வந்து யார் செத்தது என்று கேட்டார்.

அத்தா மட்டும் அசையவில்லை. “ஏன் மூஞ்ச அப்டி வெச்சிகினு கத்தற? மெல்லமா சொல்லு, புரியும்” என்றார். பிறகு குறும்பாகச் சிரித்தார். “நீயும் ஒந்தங்கச்சியும் உதட்டால பேசினது பூரா எனக்குக் கேட்டுச்சி. சத்தமா பேசினதுதான் கேக்கல.”

குடை ஞாபகம் வந்தது. உளவாளி என்று பழிசுமந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் நீதி கிடைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“நீங்க துண்டு கேள்விக்குப் பதில் சொல்லல அத்தா.”

“மொதல்ல எனக்குத்தான் தொங்கவிட்டா. காது போனதும் எடுத்துடறேன்னா உங்கம்மா. நான்தான் வேணாம்னேன். எடுத்தா இன்னா ஆவும்? டி.வி. ஓடும். தெருப் பொம்பளைங்க வந்து குந்திகினு கத பேசுவாங்க. உங்கள ஆயிரம் வேலைக்குக் கூப்புடுவாங்க. துண்டு இருந்தா ஒருத்தரும் வர்றதில்ல. நீங்க ரெண்டு பேரும் ஒரு மூலைல குந்திகினு படிப்பீங்க. தூங்கற ஆம்பளைக்குத் தெருவே அடங்குது. படிக்கற பொம்பளப் புள்ளைக்கு எவம்மா அடங்குவான்?”

கையில் இருந்த பேப்பரை மேசையில் வைத்தேன்.

“அப்டி படிக்கவெச்சி, கடைசில முடிக்க வுடாம நானே கட்டிக் குடுத்துட்டேன். துண்ட வெயில்ல காய வெச்சதுதான் மிச்சம்னு ரொம்ப நாள் நெனச்சிகினு இருந்தேன். ரெண்டாவது தபா பரீட்சைன்னியே, எப்ப?”

அழுகை வந்துவிட்டது. பழக்க தோஷம், சத்தமில்லாமல்தான் அழுதேன். அத்தாவுக்கு அதுவும் கேட்டுவிட்டது. “அழுவாத புள்ள” என்றார்.

6

மறுநாள் காலை என் அறைக் கதவில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கியது. நூராவின் நீச்சல் துண்டு. நடுவில் ஒரு பெரிய மஞ்சள் வாத்துப் படம் வேறு. பரீட்சை வரை அது அங்கேயே இருந்தது. சலீம் பூனைபோல நடந்தார். நூரா பாட்டுக் கேட்பதை நிறுத்தினாள். டெலிவரிக்காரர் ஒருவர் பெல்லை அழுத்தப் போனபோது அவள் கதவைத் திறந்து வாயில் விரலை வைத்துக் காட்டியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நுனிக்காலில் திரும்பிப் போனார்.

தேர்வு நாளில் எனக்கு வாய்த்தது ஒரு கூச்சக்காரப் பாட்டியம்மா. நான் பேப்பரைக் குப்புறக் கவிழ்த்தேன். முகத்தில் வெளிச்சம் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். முக்காட்டைத் தாடைக்குக் கீழே நன்றாக ஒதுக்கிவிட்டு, அவர் கண்ணைப் பார்த்து, அத்தாவுக்குச் சொல்வதுபோல உதட்டைத் திறந்து சொன்னேன். குரலுக்கு, துண்டு எதுக்கு என்று கத்தினேனே, அதில் பாதியை எடுத்துக்கொண்டேன். பாட்டியம்மா பொத்தானைச் சரியாக அழுத்தினார். ஒரு தடவை சத்தம் வருவதற்கு முன்பே அழுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தேர்வாளர் எழுதி முடித்து, என் கையைக் குலுக்கினார். “வாழ்த்துகள், காதர்.”

கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிவந்து ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அத்தாவும் அம்மாவும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்போல, உடனே வந்தார்கள். “பாஸ்! பாஸ்!” என்று கத்தினேன். தொண்டை முழுக்கத் திறந்து கத்தினேன். பக்கத்துக் காரில் ஏறப்போனவர் சாவியைத் தவறவிட்டார்.

“ஒண்ணுமே கேக்கலியே!” என்றார் அம்மா. “வாயி மட்டும் அசையுது. ஏங்க, போனு கெட்டுப் போச்சா பாருங்க.” போனைக் குலுக்கினார், உலகமே ஆடியது. கால் போட்ட அவசரத்தில் விரல் பட்டு மைக் அணைந்துபோயிருந்தது. அது எனக்குத் தெரியாமல் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன்.

அத்தா போனைப் பிடுங்கிக்கொண்டார். “நீ சும்மா இரு. எனக்குக் கேக்குது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

நான் கத்துவதை நிறுத்தினேன். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகச் சொன்னேன். அத்தா, காதர் பாஸ்.

அவர் போனை அம்மாவிடம் கொடுத்தார். தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“சுபைதா, நான் பாஸாயிட்டேன்” என்றார்.